கேம்பிரிட்ஜ் கிரேக்கப் பேராசிரியர் பதவி: 1540இலிருந்து இன்றுவரை, ஆறு பலகைக்குள் எப்படி அடக்குவது?

கல்லடி_ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பாடசாலை நூலகச் சுவரில் ஆறு பலகை வைக்கப் போகிறோம். பொருள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரீஜியஸ் (மன்னர் பெயரிலான) கிரேக்கப் பேராசிரியர் பதவியின் வரலாறு. பலகை ஒவ்வொன்றும் நான்கு அடிக்கு மூன்று அடி. ஒன்றில் 150 சொல்லுக்கு மேல் போடும் எண்ணம் இல்லை. ஆறாவதில் நம்முடைய சுவாமி விபுலானந்தர் வகித்த தமிழ்ப் பேராசிரியர் பதவிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்ட விருப்பம்.

தெளிவில்லாத இடங்கள் இவை. பதவி தொடங்கிய ஆண்டு 1540, 1541, 1546 என்று மூன்று விதமாக வருகிறது. ஆண்டுக்கு 40 பவுண் சம்பளம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது; அது எவ்வளவு காலம் அப்படியே நின்றது, பணம் யாருடையது? முதல் பேராசிரியர் ஜோன் செக் எந்த ஆண்டு விலகினார் என்பதிலும் ஒற்றுமை இல்லை. பெயர்ப் பட்டியலை முழுக்கப் போடுவதா, தெரிந்தெடுத்துப் போடுவதா என்பதையும் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை_வாசகன்:

மிஸ், கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். முழுப் பட்டியல் வேண்டாம். 1994இல் பாட் ஈஸ்டர்லிங் பதவியேற்றபோது அவர் 36ஆவது ஆள். அத்தனை பெயரையும் ஆண்டோடு அடுக்கினால் ஒரு பலகை போய்விடும், பிள்ளைகள் மனதில் ஒரு பெயரும் நிற்காது. சம்பளத்தை யார் கொடுத்தார்கள், ஆளை யார் தெரிவு செய்தார்கள் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு போங்கள். எந்தப் பெயர் பலகைக்கு வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரியும்.

ஆண்டு விடயம். கேம்பிரிட்ஜுக்கு 1540தான். எட்டாம் ஹென்றி அந்த ஆண்டு ஐந்து பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார்: இறையியல், எபிரேயம், கிரேக்கம், குடியியல் சட்டம், மருத்துவம். ஒவ்வொன்றுக்கும் 40 பவுண். 1541 என்பதும் 1546 என்பதும் ஒக்ஸ்போர்டில் உள்ள இதே பெயருடைய கிரேக்கப் பதவிக்குச் சொல்லப்படும் ஆண்டுகள். 1546க்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அந்த ஆண்டில்தான் ஹென்றி கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியையும் ஒக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சேர்ச்சையும் நிறுவினார். இறையியல், எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூன்றுக்கும் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு கேம்பிரிட்ஜில் டிரினிட்டியிடமும் ஒக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சேர்ச்சிடமும் போனது. அதனால் 1546ஐப் பலகையில் போடலாம், ஆனால் "சம்பளப் பொறுப்பு கல்லூரிக்கு மாறிய ஆண்டு" என்று போடுங்கள்.

40 பவுண் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. கணக்கைக் காட்டுங்கள். ஒரு பவுணுக்கு 240 பென்சு, ஆகவே 40 பவுண் 9,600 பென்சு. 1540 அளவில் தென் இங்கிலாந்தில் கட்டட வேலைக் கூலியாளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 4 பென்சு. அப்படியென்றால் பேராசிரியரின் ஓராண்டுச் சம்பளம் ஒரு கூலியாளின் 2,400 நாள் உழைப்பு. பல ஊர்க் குருமாருக்கு ஆண்டு வருமானம் 10 பவுணுக்கும் கீழே. ஆக, தொடங்கியபோது அது கொழுத்த சம்பளம்.

பிழைத்தது எங்கே என்றால், தொகையைக் காசில் எழுதிவிட்டார்கள். இத்தனை ஏக்கர் நிலத்தின் விளைவு என்று எழுதியிருந்தால் விலைவாசியோடு சேர்ந்து கூடியிருக்கும். 40 என்று எழுதியதால் 40 ஆகவே நின்றது. அடுத்த இருநூறு ஆண்டில் விலைவாசி பல மடங்கு ஏறியது. கல்லூரியின் நில வருமானமும் ஏறியது. பேராசிரியர் கைக்கு வந்தது அதே 40.

இதை இரண்டு பெயரை வைத்தே காட்டலாம். ஒருவர் ரிச்சர்ட் போர்சன். 1792இல் கேம்பிரிட்ஜ் பதவிக்குத் தெரிவானார், சம்பளம் 40 பவுண். அதே ஆண்டு அவர் டிரினிட்டியில் வைத்திருந்த ஆய்வாளர் இடத்தை இழந்திருந்தார், ஏனென்றால் குருப்பட்டம் பெற அவர் சம்மதிக்கவில்லை. நண்பர்கள் பணம் சேர்த்து ஆண்டுக்கு 100 பவுண் கிடைக்கும்படி செய்தார்கள். 1806இல் லண்டனில் ஒரு நிறுவனத்து நூலகர் வேலை கிடைத்தபோது அதற்கு 200 பவுணும் தங்க இடமும். பேராசிரியர் வேலையைப்போல் ஐந்து மடங்கு! போர்சன் விரிவுரை நடத்தவே இல்லை என்று புத்தகங்களில் குறையாக எழுதுவார்கள். இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்த பிறகே அதை எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மற்றவர் ஒக்ஸ்போர்டின் பென்ஜமின் ஜோவெட். 1855இல் நியமனம், சம்பளம் அப்போதும் 40. அவருடைய சமயக் கருத்துகளைப் பிடிக்காதவர்கள் சம்பள உயர்வைப் பத்து ஆண்டு தடுத்தார்கள். பதவிக்கென்று விட்ட சொத்தின் பொறுப்பு கிறைஸ்ட் சேர்ச்சுக்கு உண்டு என்பதைப் பழைய ஆவணங்களிலிருந்து வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1865இல் அந்தக் கல்லூரி சம்பளத்தை 500 பவுண் ஆக்கியது. இவரை எடுத்தால் "இது ஒக்ஸ்போர்ட்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

கேம்பிரிட்ஜ் வேறு வழியில் போனது. 1848இல் ஈலி பேராலயத்துக் கனன் (பேராலயக் குருமார் குழு உறுப்பினர்) பதவி ஒன்றை இந்தக் கதிரையோடு, அதாவது பேராசிரியர் பதவியோடு, இணைத்தார்கள், வருமானம் அதன் வழியாக வந்தது. அதோடு ஒரு கட்டும் வந்தது: கனன் ஆக இருக்கக் குருவானவராக இருக்க வேண்டும். 1853இல் வந்த தொம்சனும் 1867இல் வந்த கென்னடியும் குருமார். 1889இல் வந்த ரிச்சர்ட் ஜெப் குரு அல்ல. 1891இலிருந்து பேராசிரியராக இருந்துகொண்டே நாடாளுமன்றத்திலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உறுப்பினராக இருந்தவர்.

அக்கரைப்பற்று_ஏடு:

வாசகன் சேர் சொன்ன பண விடயத்தோடு ஒத்துப் போகிறேன். நான் திகதிகளைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் ஏறிய பிறகு திருத்த முடியாத பிழைகள் அதில்தான் வரும்.

முதலாவது, ஆண்டுப் பிறப்பு. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை நடந்த எதற்கும் அந்தக்கால ஏட்டில் ஓராண்டு குறைவாக இருக்கும். அன்ட்ரூ டவுன்ஸ் 1585இலிருந்து 1624 வரை பேராசிரியர். அவர் இறந்தது 1628 பெப்ரவரி 2, அன்றைய கணக்கில் அது 1627. ஒரு புத்தகத்தில் 1627, இன்னொன்றில் 1628 என்று கண்டால் இரண்டும் சரி. ஆனால் பலகை முழுவதும் ஒரே முறையில் போக வேண்டும். ஜனவரி 1 கணக்கையே எடுங்கள். மாதம் தெரியாத பழைய நிகழ்வுக்கு மாதத்தை ஊகித்து ஆண்டை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, செக். பதவி கிடைத்தபோது அவருக்கு 26 வயது. 1544இல் இளவரசர் எட்வேர்டுக்குப் படிப்பிக்க அரண்மனைக்குப் போய்விட்டார். ஊரை விட்டுப் போன ஆண்டு ஒன்று, பட்டத்தைக் கைவிட்ட ஆண்டு இன்னொன்று. அதனால்தான் முடிவாண்டு புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. "1540இல் நியமனம், 1544இல் அரண்மனைக்கு" என்று எழுதினால் பிழை வராது. அவருக்குப் பின் நிக்கொலஸ் கார். ரோஜர் ஆஸ்கமைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். அவர் செக்கின் மாணவர், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படிப்பித்தவர், எலிசபெத்துக்கு ஆசிரியர். இந்தக் கதிரையில் அவர் இருந்ததில்லை.

மூன்றாவது, 1654 முதல் 1663 வரை. அரசியல் மாறியபோது கதிரையும் கைமாறிய காலம். 1639இலிருந்து பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் டுபோர்ட், மன்னரில்லாக் குடியரசுக்கு விசுவாச உறுதி கொடுக்க மறுத்ததால் 1654இல் நீக்கப்பட்டார். ரால்ஃப் விட்ரிங்டன் வந்தார். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பதவி டுபோர்ட்டுக்கே திரும்பியது. அவர் அதைத் தன் மாணவர் ஐசக் பரோவுக்கு விட்டுக் கொடுத்தார். 1663இல் பரோ கணிதத்துக்கான லூக்காசியன் பதவியின் முதல் பேராசிரியராகப் போனார். 1669இல் அதையும் விட்டார், அடுத்து வந்தவர் ஐசக் நியூட்டன். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளையும் பலகைக்கு முன்னால் நிறுத்தக்கூடிய செய்தி இது. கட்டாயம் போடுங்கள்.

நான்காவது, இடைவெளிகள். ஜெப் இறந்தது 1905 டிசம்பரில், ஹென்றி ஜாக்சன் தெரிவானது 1906இல். ஜெஃப்ரி கேர்க் 1982இல் ஓய்வு, எரிக் ஹான்ட்லி வந்தது 1984இல். கதிரை வெறுமையாக இருந்த காலத்தை ஒருவர் கணக்கில் சேர்த்து நிரப்பக் கூடாது.

ஐந்தாவது, ஒரே ஆள் இரண்டு பதவி. கேம்பிரிட்ஜில் கிரேக்கம் சார்ந்த வேறு பேராசிரியர் பதவிகளும் உண்டு. டிம் விட்மார்ஷ் 2014இல் லெவெண்டிஸ் கிரேக்கப் பண்பாட்டுப் பேராசிரியர் ஆனார். ரீஜியஸ் பதவிக்கு வந்தது 2023இல், ரிச்சர்ட் ஹன்டருக்குப் பின். "2014 முதல்" என்று போட்டால் ஹன்டரின் காலத்தோடு மோதும். கில்பர்ட் முரேயும் அப்படித்தான், 1889இல் கிளாஸ்கோ, 1908இல் ஒக்ஸ்போர்ட். கேம்பிரிட்ஜ் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை.

கல்லடி_ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. ஏடு நானா சொன்ன ஜனவரி 1 முறையையே எடுக்கிறேன். தெரிவு முறையைப் பற்றி வாசகன் சேர் தொட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள். "ரீஜியஸ்" என்றால் மன்னர் நியமிப்பது என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்? உச்சரிப்புச் சண்டை ஒன்று நடந்தது என்று படித்தேன், அதுவும் ஒரு பலகைக்குத் தகுமா? போர்சன் எதற்காகப் பெயர் பெற்றார் என்பதை 150 சொல்லில் சொல்ல முடியுமா?

வந்தாறுமூலை_வாசகன்:

தெரிவு முறை சுருக்கமாக: ஒக்ஸ்போர்டில் நியமனம் அரசுடையது, முன்பெல்லாம் பிரதமர் பெயர் சொல்வார். ஜோவெட்டை பால்மர்ஸ்டனும் 1936இல் டொட்ஸை போல்ட்வினும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கேம்பிரிட்ஜில் தெரிவாளர்கள் கூடித் தெரிவு செய்வார்கள். போர்சனை 1792 நவம்பர் 1இல் ஏழு தெரிவாளரும் ஒருமனதாகத் தெரிவு செய்தார்கள். விண்ணப்பித்தவர் பொதுவில் ஒரு விரிவுரை நிகழ்த்த வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. போர்சன் பேசியது பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகக்காரர் யூரிப்பிடிஸ் பற்றி. 1906இல் ஐந்து பேர் இப்படிப் பேசினார்கள்: ஜாக்சன், ஹெட்லம், வெரல், அடம், ரிஜ்வே. தெரிவானவர் ஜாக்சன். பெயரில் மன்னர் இருப்பது நிறுவியவர் மன்னர் என்பதால்.

உச்சரிப்புச் சண்டைக்கு ஒரு முழுப் பலகை கொடுங்கள். ஆறிலும் பிள்ளைகள் நின்று வாசிக்கப் போவது அதைத்தான்.

விடயம் இது. அக்காலத்தில் ஐரோப்பாவில் கிரேக்கம் படிப்பித்தவர்கள் பிசாந்தியத்திலிருந்து (கிழக்கு உரோமப் பேரரசிலிருந்து) வந்த உச்சரிப்பைப் பின்பற்றினார்கள். அதில் ஈட்டா, அயோட்டா, உப்சிலோன் என்ற மூன்று உயிரெழுத்தும், இரண்டு கூட்டுயிர்களும், எல்லாம் "இ" என்றே ஒலிக்கும். பீட்டா "வ" ஆகும். வேறுவேறு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒலியைச் சொல்வது பழங்கால வழக்காக இருந்திருக்க முடியாது என்று டச்சு அறிஞர் இராஸ்மஸ் 1528இல் எழுதினார். அவரே 1511இலிருந்து 1514 வரை கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படிப்பித்தவர். இந்தப் பதவி அப்போது இல்லை. 1530களில் செக்கும் தோமஸ் ஸ்மித்தும் இந்தப் புதிய முறையைக் கேம்பிரிட்ஜ் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள்.

1542இல் பல்கலைக்கழக வேந்தரான ஆயர் ஸ்டீவன் கார்டினர் தடை போட்டார். மீறினால் மூத்தவர்களுக்குப் பேரவை இடம் பறிபோகும், இளைய மாணவருக்குப் பிரம்படி. அவர் அஞ்சியது ஒலியை மட்டுமல்ல. பழைய வழக்கத்தை இளைஞர் கேள்வி கேட்கத் தொடங்கினால் அது மதம் வரை போகும் என்பது அவருடைய கணக்கு. செக்கும் அவரும் இலத்தீனில் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1555இல் பாசெல் நகரில் அச்சாயின. எலிசபெத் 1558இல் அரசியானபின் தடைக்கு உயிர் இல்லை.

சான்று ஒன்றும் போடுங்கள், இந்த வழக்கில் எல்லாரும் காட்டுவது. பழைய நகைச்சுவை நாடகக்காரர் கிராதினோஸின் ஒரு வரியில் செம்மறியாடு பீட்டா, ஈட்டா என்ற இரண்டு எழுத்தால் கத்துகிறது. செக்கின் முறையில் வாசித்தால் "பே, பே". பிசாந்திய முறையில் "வீ, வீ". எந்த ஆடு "வீ" என்று கத்தும்?

காரைதீவு_கரை:

போர்சனுக்கு நான் எழுதுகிறேன்.

அவருடைய வேலை, கையெழுத்துப் படிகளில் ஏறிய பிழைகளைக் களைந்து யூரிப்பிடிஸின் நாடகங்களை நம்பக்கூடிய பாடமாகத் தந்தது. நான்கு நாடகம் பதிப்பித்தார்: ஹெக்குபா 1797, ஒரெஸ்டிஸ் 1798, ஃபினீசியப் பெண்கள் 1799, மெதேயா 1801. ஹெக்குபாவின் இரண்டாம் பதிப்பு 1802இல் வந்தது. அதன் முன்னுரையோடுதான் இன்று "போர்சன் விதி" என்று எல்லாரும் சொல்வது வெளியானது.

விதியைப் பிழையில்லாமல் சொல்வது இப்படி. துன்பியல் நாடகத்தில் உரையாடல் வரிக்கு மூன்று அலகு, அலகுக்கு நான்கு அசையிடம், மொத்தம் பன்னிரண்டு. 1, 5, 9 ஆகிய இடங்களில் நெடிலும் வரலாம் குறிலும் வரலாம். ஆனால் ஓரசைக்கு மேற்பட்ட ஒரு சொல் 9ஆம் இடத்தில் முடிந்தால், அந்த அசை குறிலாகவே இருக்க வேண்டும். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகவே முடியவேண்டும் என்ற கட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியும்; அதைப்போல வரியின் முடிவைக் காக்கும் கட்டு இது. பயன் என்னவென்றால், படியெடுத்தவர் சொல்லை மாற்றி வைத்த இடம் இந்த விதியை மீறி நிற்கும், பிழை கண்ணில் படும். ஆனால் விதியை வைத்து மட்டும் பாடத்தைத் திருத்திவிடக் கூடாது. இன்பியல் நாடகத்து வரிகள் இதற்குக் கட்டுப்படுவதில்லை.

இனி ஆறாவது பலகை. இங்கே நம் ஊரில் பலர் விடும் பிழை ஒன்றுண்டு, சுவாமி "பேராதனையில் பேராசிரியர்" என்று எழுதுவது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947 ஜூலை 19இல் மறைவு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது கொழும்பில். பேராதனைக்குப் போனது 1952 அளவில், சுவாமி மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின். காரைதீவிலிருந்து வரும் பெரியவர்கள் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள் மிஸ், அதில் இடம் பிழைத்தால் மற்ற ஐந்தையும் நம்ப மாட்டார்கள்.

ஒப்பிடும்போது கிரேக்கமும் தமிழும் தொன்மையானவை என்ற பொதுப்பேச்சு வேண்டாம். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் யாருடைய தாய்மொழியும் அல்ல; கதிரை அதைப் படிக்க வைப்பதற்காக உண்டானது. நம்முடையது வாழும் மொழி. தாய்மொழியாகப் பேசிய ஒன்றைப் பல்கலைக்கழகப் பாடமாக ஏற்கச் செய்வதே அங்கே வேலை. இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் போட்டால் போதும்.

கல்லடி_ஆசிரியை:

போர்சன் விதி இப்போது பிடிபட்டது அண்ணன். அச்சைப் பற்றி ஒரு கேள்வி. பதவிக்குச் சின்னம் இருக்கிறதாமே, அதில் கிரேக்க எழுத்தும் உண்டாம். ஒரு வரி கிரேக்கமும் போட ஆசை. தமிழ் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருக்கிறோம்.

அக்கரைப்பற்று_ஏடு:

சின்னம் 1590இல் ஐந்து பதவிக்கும் ஒன்றாக வழங்கப்பட்டது. கிரேக்கத்துக்கு உரியதில் கேடயத்தின் மேல்பட்டை சிவப்பு, அதில் பொன்னிறச் சிங்கம், சிங்கத்தின் மேல் கிரேக்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று. கீழே வெள்ளியும் கறுப்பும். வெள்ளியில் அல்ஃபாவும் ஒமேகாவும், கறுப்பில் ஒரு சில்வண்டு. முடியில் வெள்ளி ஆந்தை, கால், அலகு, காது பொன். வரைகிற பிள்ளைக்கு இந்த விபரம் போதும்.

எழுத்துருவில் கவனம் வேண்டும். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில விசைகளின் குறியீட்டிலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். பழைய "சிம்பல்" எழுத்துருவில் கிரேக்கம் அடித்தீர்களென்றால் அதுவும் அதே குறியீட்டில்தான் இருக்கும். அச்சகத்தில் ஒருவர் எல்லாவற்றையும் தெரிவு செய்து எழுத்துருவை பாமினியாக்கினால் கிரேக்க வரி அர்த்தமில்லாத தமிழாகிவிடும். சிம்பலில் எழுத்தின் மேல் இடும் மூச்சுக்குறியும் அழுத்தக்குறியும் இல்லை, அவை இல்லாத கிரேக்கம் பழைய நூல் வரிக்குப் பிழை.

ஆகவே தமிழை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் "ஸ்ரீ", "க்ஷ", கொம்பு வரும் எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள், மாற்றிகள் தடுமாறுவது அங்கே. கிரேக்கத்துக்கு ஜி.எஃப்.எஸ். போர்சன் என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அச்சகத்துக்காக போர்சனின் கையெழுத்தை வைத்து ரிச்சர்ட் ஆஸ்டின் வெட்டிய அச்செழுத்தின் வழி வந்தது. அவரைப் பற்றிய பலகையில் அவருடைய எழுத்திலேயே வரியைப் போடலாம். கிரேக்கத்தைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பது எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக இருக்கட்டும், வேர்ட் கோப்பைக் கொடுக்க வேண்டாம்.

அளவு: உடல் எழுத்து 36 புள்ளிக்குக் குறையாமல், தலைப்பு 100க்கு மேல். முதலில் ஒரு பலகையை மட்டும் அடித்துச் சுவரில் வைத்து, நான்கு காலடி தள்ளி நின்று மூச்சுக்குறிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு மற்ற ஐந்தையும் கொடுங்கள்.

வந்தாறுமூலை_வாசகன்:

ஒன்று விட்டுப்போனது. கடைசிக்கு முந்திய பலகையில் 1919ஐச் சேருங்கள் மிஸ். அந்த ஆண்டு வரை கேம்பிரிட்ஜில் என்ன பாடம் படிக்க வருபவரும் கிரேக்கத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. 1891இலும் 1905இலும் அதை நீக்கப் பார்த்தார்கள், வாக்கெடுப்பில் தோற்றார்கள். 1919இல் நீங்கியது, ஒக்ஸ்போர்டில் 1920இல். அதற்குப் பிறகு வந்த பேராசிரியர்களிடம் வந்தவர்கள் விரும்பி வந்த மாணவர்கள். 1921இல் பியர்சன், 1928இல் ரொபர்ட்சன், 1950இல் டெனிஸ் பேஜ் என்ற வரிசையை அந்த ஆண்டுக்குக் கீழே போடுங்கள். 1994இல் ஈஸ்டர்லிங், இந்தக் கதிரையின் முதல் பெண். அவருக்குப் படத்தோடு தனி இடம் கொடுங்கள்.